மாமாவின் கண்ணாடியும் ஐஸ்லாந்துச் சட்டமும்

வளைகுடா நாட்டில், சத்வா என்ற பகுதியில் நாங்கள் குடியிருந்த ஃப்ளாட்டில் ஹால் ஒன்று, உள் அறை ஒன்று. உள் அறையில் மாமா இருந்தார், அம்மாவின் தம்பி. விசிட் விசாவில் ஒரு மாதம் என்று வந்தவர், எட்டு மாதமாகியும் கிளம்பவில்லை. தெருவில்கூட இறங்கமாட்டார். வெயில் ஒத்துக்கொள்ளாது என்று அம்மா சொல்லியிருந்தாள். காலிங் பெல் அடித்தால் மட்டும் அவருக்கு அவசரமாகக் குளியலறை போகவேண்டியிருக்கும். யார் கேட்டாலும் வீட்டில் மூன்று பேர் என்றுதான் சொல்லவேண்டும் என்பது எனக்கு உத்தரவு. மாமாவைக் கணக்கில் சேர்க்காதது பெரிய அநியாயமாக எனக்குப் பட்டது.

எனக்கு அப்போது ஒன்பது வயது. ஐஸ்லாந்துக்காரர்களின் பழங்கதைகளைச் சிறுவர்களுக்காகச் சுருக்கிய தடிப் புத்தகம் ஒன்றைப் பள்ளி நூலகத்திலிருந்து கொண்டுவந்து, ஏசியை முழுசாக வைத்துப் போர்த்திக்கொண்டு படித்தேன். ராஜா இல்லாத ஊர். பண்ணைக்காரர்களே கூடி உட்கார்ந்து சட்டம் பேசுவார்கள், பேசி முடித்ததும் வெட்டிக்கொள்வார்கள். அப்பன், பாட்டன், பூட்டன் பெயரைச் சொல்லாமல் ஒருத்தன் கதைக்குள் நுழையவே முடியாது. பெருங்குற்றம் செய்தவனைச் சட்டத்துக்கு வெளியே தள்ளிவிடுவார்கள். அவனுக்குச் சோறு போடுவதும் இடம் கொடுப்பதும்கூடக் குற்றம். அப்படியும் ஒளித்துவைத்துச் சோறு போட்டவர்கள் இருந்தார்கள். அந்தப் பக்கங்களைப் படிக்கும்போதெல்லாம் அழுவேன்.

எனக்கு ரொம்பப் பிடித்த சட்டம் வேறு. ஒருவனைக் கொன்றவன் உடனே பக்கத்து வீட்டுக்குப் போய் அதை வாய்விட்டுச் சொல்லிவிட வேண்டும். சொன்னால் மானஸ்தன், வழக்குப் பேசித் தீர்த்துக்கொள்ளலாம். மறைத்தால் ஈனப்பிறவி. செத்தவனின் சொந்தக்காரர் வீடாக இருந்தால் மட்டும் அதைத் தாண்டி அடுத்த வீட்டுக்குப் போகலாம்.

ஒரு நாள் அப்பா டூட்டிக்குப் போயிருந்தபோது, பாயருகில் கிடந்த மாமாவின் மூக்குக்கண்ணாடியை மிதித்துவிட்டேன். இரண்டு வில்லையும் போயிற்று. மாமா தூங்கிக்கொண்டிருந்தார். சமையலறையில் இருந்த அம்மா அவருக்குக் கூடப்பிறந்த அக்கா, ஆக எங்கள் வீடு சொந்தக்காரர் வீடு. சட்டப்படி அதைத் தாண்டி, எதிர் ஃப்ளாட்டின் கதவைத் தட்டினேன்.

அங்கே இருந்தது ஒரு யாழ்ப்பாணத்து ஆன்ட்டி. கதவை ஒரு சாண்தான் திறப்பார், ஒருநாளும் உள்ளே வா என்றதில்லை. திமிர் என்பது அம்மாவின் தீர்ப்பு. நான் நிமிர்ந்து நின்று என் அப்பா, தாத்தா, பூட்டன் பெயர்களைச் சொன்னேன். பிறகு மாமாவின் வம்சத்தைத் தொடங்கினேன். "எங்க அம்மாவோட தம்பி, எட்டு மாசமா எங்க உள் ரூம்லயே இருக்கிறவர், அவர் கண்ணாடிய நான்தான் உடைச்சேன். ஒளிக்காம சொல்றேன்."

ஆன்ட்டி கதவைச் சாத்திக்கொண்டார்.

மானஸ்தியாக வீடு திரும்பி அம்மாவிடம் விஷயத்தைச் சொன்னேன். அம்மா கண்ணாடியைப் பற்றிக் கேட்கவே இல்லை. "உள் ரூம்னு சொன்னியாடி? பாவி, போலீஸ் வந்து மாமாவப் பிடிச்சிட்டுப் போயிடுவாங்களேடி!" என்று தரையில் உட்கார்ந்துவிட்டாள். மாமா எழுந்து பெட்டியில் துணிகளை அள்ளிப் போட்டார். கண் தெரியாததால் என் பள்ளிச் சீருடையும் அதற்குள் போயிற்று. கண்ணாடியை உடைத்தது நான், மாமாவைப் போலீஸ் ஏன் பிடிக்க வேண்டும் என்று எனக்கு எரிச்சலாக வந்தது.

பெல் அடித்தது. மாமா ஃப்ரிட்ஜில் மோதிக்கொண்டு குளியலறைக்கு ஓடினார். அம்மா கதவைத் திறந்தாள். ஆன்ட்டி ஒரு பழைய மூக்குக்கண்ணாடியோடு நின்றார்.

"பயப்பிடாதேங்கோ அக்கா. இதப் போட்டுப் பாக்கச் சொல்லுங்கோ. என்ர தம்பியின்ர. அவனும் பத்து மாசமா உள்ளதான் இருக்கிறான்."

எல்லாம் இரண்டிரண்டாகத் தெரிந்தாலும், ஊருக்குப் போகும்வரை மாமா அந்தக் கண்ணாடியைத்தான் போட்டிருந்தார்.

அன்றைக்கு அம்மாவும் ஆன்ட்டியும் வாசலிலேயே நின்று வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். சிரித்துக்கொண்டிருந்தவர்கள் எப்போது அழ ஆரம்பித்தார்கள் என்று நான் கவனிக்கவில்லை. ஒரு கண்ணாடிக்காகப் பெரியவர்கள் இப்படியா அழுவார்கள் என்று அலுத்துக்கொண்டு, விட்ட இடத்திலிருந்து படிக்கப் போனேன். தம்பியை ஒளித்துவைத்துச் சோறு போட்ட அக்கா ஒருத்தியின் கதை. அப்படிப்பட்ட அக்காக்கள் ஐஸ்லாந்தில்தான் இருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.