பாலைச் சுடுகிற கொட்டில்

கறந்த பாலைக் கரியாக்கி, அதில் கொழுப்பு எவ்வளவு என்று பார்த்துச் சொல்வதும் ஒரு உத்தியோகம்தான். அதை நான் செய்திருக்கிறேன். விரல் தோல் உரிந்து, சேலைத் தலைப்பு ஓட்டையாகி, கடைசியில் ஒருவரிடமும் நல்ல பெயர் வாங்காமல் ஒரு வேலை பார்த்தவர்கள் யாராவது இதை வாசித்தால் கதிரையை இழுத்துப் பக்கத்தில் போடுங்கள். உங்களுக்குத்தான் இது விளங்கும்.

அறுபதுகளின் தொடக்கம். வட்டக்கச்சிக் குடியேற்றத்தில் பால் சேர்க்கும் நிலையம் திறந்தார்கள். கட்டடம் இல்லை. "எங்கட பின்வளவுக் கொட்டில் சும்மாதானே கிடக்கு" என்று இவர் வாக்குக் கொடுத்துவிட்டு வந்தார். பாலைப் பரிசோதிக்க ஆளும் இல்லை. "இவ கான்வென்டில படிச்சவ, இங்கிலிஷ் லேபிள் வாசிப்பா" என்று அதற்கும் வாக்குக் கொடுத்துவிட்டு வந்தார். என்னையும் ஒரு வார்த்தை கேட்கலாம் என்று மனிசனுக்குத் தோன்றவில்லை. மதர்மார் எனக்குக் கற்பித்த இரசாயனமோ, துணியில் பட்ட மைக்கறையைத் தேசிக்காயால் போக்குவதோடு முடிந்திருந்தது.

வேலை இதுதான். தடித்த கண்ணாடிக் குழாயில் முதலில் கந்தக அசிட் விடவேண்டும். அதன்மேல் மெதுவாகப் பால். பிறகு இன்னொரு போத்தலிலிருந்து நாற்றம் பிடித்த மருந்து கொஞ்சம். இறப்பரால் அடைத்து, துணியால் சுற்றிக் குலுக்கினால் பால் மண்ணிறமாகி, கறுத்து, கையில் பிடிக்க முடியாதபடி சுடும். கையால் சுற்றும் யந்திரத்தில் வைத்துச் சுழற்றினால் கொழுப்பு பிரிந்து மேலே நிற்கும். கவனிக்கவேண்டியது ஒன்றே ஒன்று. அசிட்டுக்குள் தண்ணீர் விடக்கூடாது. விட்டால் கொதித்துச் சீறி முகத்தில் அடிக்கும். இந்த ஒன்றைச் சொல்லிச் சொல்லியே என் தொண்டை வறண்டது.

எலி அரித்த சாரம்

அசிட் பெரிய கண்ணாடிச் சாடியில், வைக்கோல் திணித்த மரக்கூட்டுக்குள் வரும். கொண்டுவருவது பால் லொறிக்கார மணியம். நல்ல பொடியன், காது மட்டும் பாவிப்பதில்லை. முதல் சாடியை இறக்கும்போதே பார்த்தேன், வாய்ப்பக்கத்து வைக்கோல் கறுத்துக் கிடந்தது. "இதேன் மணியம் கறுத்திருக்கு?" என்றேன். "லொறிப் புகையாக்கும், அக்கா" என்றான். குலுங்காமல் இருக்கட்டும் என்று அசிட் கசிகிற சாடியைத் தொடையோடு அணைத்துப் பிடித்துக்கொண்டு வந்திருக்கிறான்!

கிணற்றடிக்குப் போய் வாளி வாளியாக வார், இடுப்பில் கட்டிய சாரத்தையும் கழற்றி அலசு என்று கத்தினேன். "ஓம் ஓம்" என்று சொல்லிவிட்டுத் தேத்தண்ணி கேட்டான். அடுத்தமுறை வந்தபோது ஒரு காலை இழுத்து இழுத்து நடந்தான். தொடையில் தோல் வெந்து நீர் வடிந்தது. சாரத்தை விரித்துக் காட்டினான். அரிதட்டுப் போல ஓட்டை. சொன்னான்: "அக்கா, உங்கட கொட்டிலில எலி கூடிப்போச்சு. சாரத்தை அரிச்சது காணாதெண்டு காலையும் கடிச்சுப்போட்டுது."

அடுப்பும் இப்படித்தான் சீறும்

தங்கம்மாக்காவுக்கு இருந்தது ஒரே ஒரு பசு. சிவப்பு நிறம் என்பதால் பெயரும் சிவலை. காடு வெட்டும்போது மரம் விழுந்து அவவின் புருஷனுக்குக் கால் போய்விட்டது. வயல் பாதி தரிசு. அந்த வீட்டு அடுப்பு எரிந்தது சிவலையின் மடியால்தான். அந்தப் பால் குழாய்க்குள் கறுத்ததை முதல்முறை கண்டதும் மனிசி செம்பைக் கீழே வைத்துவிட்டு நெஞ்சில் கைவைத்தா. "பிள்ளை, பாலை எரிச்சால் மாட்டின்ர மடி வெந்துபோமெண்டு உங்களுக்கு ஆரும் சொல்லித்தரேல்லையோ?"

எங்கள் பக்கத்தில் தெரிந்த சங்கதிதான். பால் பொங்கி அடுப்பில் ஊற்றுண்டால் உடனே ஒரு கை தண்ணீர் தெளிப்பார்கள். நெருப்பு அடங்கும், மாட்டின் மடி தப்பும். "இதிலயும் ஒரு கை தெளிச்சு விடுங்கோவன்" என்று அவ கெஞ்சினா. இது அடுப்பில்லை, அசிட் என்றேன். விளங்கவில்லை. சரி, கண்ணால் கண்டால் விளங்கும் என்று பீங்கானில் கொஞ்சம் அசிட் விட்டு, எட்டி நின்று, நீண்ட அகப்பையால் இரண்டு சொட்டுத் தண்ணீர் சிந்தினேன். சீறியது. ஆவி எழும்பியது. பீங்கான் விளிம்பு தாண்டித் தெறித்தது. கண்டியளோ என்ற மாதிரி அவவைத் திரும்பிப் பார்த்தேன்.

அவவின் முகம் தெளிந்துவிட்டது. "அடுப்பும் தண்ணி தெளிச்சால் இப்பிடித்தானே பிள்ளை சீறும், பிறகு அடங்கீடும்."

பழகினால் சரி

மேலிடத்திலிருந்து ஒரு அதிகாரி வந்தார். கழுத்துப்பட்டி, வெள்ளைக் காற்சட்டை. அசிட்டை அளக்கும் கண்ணாடிக் குழலை வாயில் வைத்து உறிஞ்சி எடுக்கச் சொன்னார். நான் மாட்டேன் என்றேன். "நாங்களெல்லாம் இப்பிடித்தான்" என்று உறிஞ்சியும் காட்டினார். அவருடைய கீழுதட்டில் வெளிறிய தழும்பு ஒன்று நாடிவரை இறங்கியிருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே, கைக்கு உறையும் கண்ணுக்குக் கண்ணாடியும் எப்போது வரும் என்று கேட்டேன். எழுதிப் போட்டிருக்கிறதாம்.

போகும்போது ஒரு எச்சரிக்கை அறிவித்தலைச் சுவரில் ஒட்டிவிட்டுப் போனார். சிங்களத்தில் இருந்தது. குடியேற்றத்தில் அதை வாசிக்க ஒரு சீவன் இல்லை. ஒட்டியவரும் தமிழர்தான், அவருக்கும் வாசிக்கத் தெரியவில்லை. கரிக்கட்டி எடுத்து அதற்குக் கீழே கொட்டை எழுத்தில் "தண்ணீர் விடாதே" என்று நானே எழுதினேன். தழும்பைப் பற்றிக் கேட்காமல் விட்டால் எனக்கு நித்திரை வராது என்பதால், அவர் வெளியேறமுதலே வாசல் படலையடியில் மறித்துக் கேட்டிருந்தேன். உதட்டைத் தடவினார். "அது துவக்கத்தில, மிஸிஸ். பழகினால் ஒண்டும் செய்யாது."

ஒரு மிடறு

அந்த நாற்றம் பிடித்த மருந்தின் லேபிளில் அற்ககோல் என்று, சாராயத்துக்குச் சொல்கிற ஒரு சொல் இருந்தது. நான் இவருக்கு அதை வாசித்துக் காட்டியது மணியத்தின் காதில் விழுந்துவிட்டது. பாவிக்காத காது அன்றைக்கு மட்டும் பாவித்தது. நான் குசினிக்குள் போய்வரும் இடைவெளியில் ஒரு மிடறு விட்டிருக்கிறான்.

திரும்பி வந்தால், வேலிக் கதியாலைப் பிடித்துக்கொண்டு குடல் வெளியே வருகிற மாதிரிச் சத்தியெடுக்கிறான். முகம் சாம்பல். மூச்சு விசிலடிக்கிறது. கிளிநொச்சி ஆஸ்பத்திரியில் போட்டு எடுத்தார்கள். பல நாள் கஞ்சித் தண்ணீர்தான் இறங்கியது. திரும்பி வந்தவனைப் பேசுவதற்கு நான் வாய் திறக்கமுதல் கரகரத்த குரலில் அவனே சொன்னான்: "இதைக் குடிச்சதுக்கு, அக்கா, எங்கட ஊர்க் கசிப்புச் சாராயம் கோயில் தீர்த்தம்."

சிவலையின் மடி

மாரி தொடங்கியது. தொழுவமெல்லாம் சேறு. சிவலைக்கு மடி வீங்கியது. தொட்டால் உதைத்தது, கறந்தால் தயிர் திரைந்த மாதிரிக் கட்டி கட்டியாக வந்தது. சேற்றில் படுக்கிற மாட்டுக்கு வருகிற வருத்தம், மாட்டு டொக்டருக்கு ஆளனுப்பு என்றேன். ஆளும் போனது. பாதை வெள்ளத்தில் கிடந்தது, டொக்டர் வரவில்லை.

பால் நின்ற பிறகும் தங்கம்மாக்கா வெறுஞ்செம்போடு காலையில் வந்து கொட்டில் வாசலில் நின்றா. மற்றவர்களின் பால் கறுப்பதைப் பார்த்துக்கொண்டு நின்றா. "இது உங்கட பாலில்லையே, பிறகேன் நிக்கிறியள்?" என்று எரிந்து விழுந்தேன். "எரிச்சது எரிச்சதுதானே, பிள்ளை. இன்னும் அடக்கேல்லையே" என்றா. வீட்டில் என்ன நிலை என்று கேட்டேன். "அவர் நேற்றையான் கஞ்சியில பாதியை எனக்கு மிச்சம் விட்டவர். காலில்லாத மனிசன், பிள்ளை. சிவலை விழுந்தால் நாங்கள் இரண்டு பேரும் விழுந்த மாதிரித்தான்."

வாளி

காலையில் வேண்டிய அசிட்டைச் சாடியிலிருந்து வாயகன்ற கண்ணாடிப் பாத்திரம் ஒன்றில் எடுத்து வைப்பேன். தூசு விழுந்து விழுந்து அது தேத்தண்ணிச் சாயம் மாதிரி இருக்கும். அன்றைக்கும் மேசையில் இருந்தது. மணியம் பால் கான்களை ஏற்றிக்கொண்டிருந்தான். நான் வரிசையில் நின்றவர்களின் பாலை அளக்கத் திரும்பினேன். தங்கம்மாக்கா மேசையடிக்குப் போனதை நான் காணவில்லை. செம்பு நிறையத் தண்ணீர் கொண்டுவந்திருந்தாவாம். முதலில் ஒரு கை தெளித்தாவாம். சீறியதாம். அடங்குகிறது என்று மிச்சத்தையும் அப்படியே கவிழ்த்துவிட்டா.

அந்தச் சத்தம் எனக்கு இன்னும் கேட்கிறது. பாத்திரம் வெடித்த சத்தத்தைச் சொல்லவில்லை. அவ கத்திய சத்தத்தை. முகத்தைப் பொத்திக்கொண்டு நிலத்தில் இருந்தா. உடம்பில் அசிட் பட்டால் ஒரே மருந்து தண்ணீர்தான். கொட்டு கொட்டென்று கொட்டவேண்டும். அதற்கென்றே வாசலில் வாளி நிரப்பி வைத்திருந்தேன். "தண்ணியை ஊத்துங்கோ!" என்று கத்திக்கொண்டு ஓடினேன். மணியம் குறுக்கே பாய்ந்து வாளியைப் பிடித்துக்கொண்டான். வரிசையில் நின்றவர்களும் என் கையைப் பிடித்தார்கள். ஒருத்தி வெண்ணெய் கொண்டுவர ஓடினாள். நான் இழுக்க, அவர்கள் இழுக்க, வாளி பாதி நிலத்தில் போனது. மணியம் கரியெழுத்தைக் காட்டி அழுதுகொண்டே சொன்னான்: "அக்கா, உங்களுக்கு விசரே! தண்ணி விடாதை எண்டு எழுதினது நீங்கள்தானே!"

மடி வற்றியது

அவனுடைய கையைக் கடித்துத்தான் வாளியைப் பிடுங்கினேன். பிறகு கிணற்றடியில் வைத்து வார்த்தேன். லொறியில் ஏற்றி, பால் கான்களைக் காலி செய்து தண்ணீர் நிரப்பி, ஆனையிறவு தாண்டும் வரைக்கும் கண்ணில் ஊற்றிக்கொண்டே போனேன். உப்பளக் காற்று முகத்தில் பட்டபோது மனிசி துடித்த துடிப்பைச் சொல்ல எனக்கு எழுத்து வராது. பெரியாஸ்பத்திரியில் ஒரு கண்ணை எடுத்துவிட்டார்கள். மற்றதில் வெளிச்சம் தெரியும், ஆள் அசைவது தெரியும், அவ்வளவுதான்.

பிறகு ஒரு நாள் தோடம்பழம் வாங்கிக்கொண்டு பார்க்கப் போனேன். பேச வேண்டியதையெல்லாம் வழி நெடுக யோசித்துக்கொண்டு போயிருந்தேன். கட்டுப்போட்ட முகத்தை என் பக்கம் திருப்பி, "சிவலை?" என்று கேட்டா. மடி வீக்கம் வற்றிவிட்டது, டொக்டர் வந்து காம்பு வழியாக மருந்து ஏற்றினவர், உங்கள் மனிசன் தடியை ஊன்றிக்கொண்டு போய்த் தானே கறக்கிறார் என்றேன். "டொக்டர் எப்ப வந்தவர்?" என்று கேட்டா. நீங்கள் இங்கே வந்ததுக்கு அடுத்த நாள் என்றேன். கட்டுக்குக் கீழே உதடு சிரித்தது. என் கையைத் தேடிப் பிடித்தா. "பாத்தியளே, பிள்ளை. நான் தண்ணி விட்டதுக்குப் பிறகுதானே."

என் சொல்லை அந்தக் குடியேற்றத்தில் ஒருவரும் கேட்டதில்லை என்று இனி நான் குறைப்படமாட்டேன். ஒரே ஒரு தரம் எல்லாரும் சேர்ந்து கேட்டார்கள், அது கேட்கக்கூடாத நேரம்.