செவ்வாய்க்கிழமை டாக்டர்

அம்மாவுக்காக, சர்க்கார் மருத்துவக் காப்பீட்டு அட்டையை மதிக்கும் சிறுநீரக டாக்டரைத் தேடி மயிலாப்பூரெல்லாம் அலைந்து, கடைசியில் மந்தைவெளியில் ஒரு கிளினிக்குக்குப் போனேன். வாசல் மேஜையில் பெரிய மீசைக்காரர் ஒருவர், செருப்பைக் கழற்றிவிட்டு, கால்களை ஸ்டூல்மேல் தூக்கி வைத்து உட்கார்ந்திருந்தார்.

செத்த பல்லியைத் தூக்குவதுபோல் அட்டையை இரண்டு விரலால் எடுத்தார். "கார்டா? செவ்வாக்கெழம வா சார்."

செவ்வாய்க்கிழமை அம்மாவை ஆட்டோவில் அழைத்துப் போனேன். கதவில் பூட்டு. மறுநாள் போய்க் கத்தினேன்.

"செவ்வாக்கெழம டாக்டருக்கு லீவு சார்" என்றார், கூச்சமே இல்லாமல்.

இன்னும் திட்ட வாயெடுத்தபோதுதான் ஸ்டூலைக் கவனித்தேன். பாதங்கள் இரண்டும் பன் மாதிரி வீங்கியிருந்தன.

"உங்க டாக்டர்கிட்டயே காட்டலையா?"

"காட்டாம இருப்பேனா? நம்மகிட்டயும் கார்டுதான கீது. செவ்வாக்கெழம வரச் சொன்னாரு."