வெள்ளிக்கிழமை அதைத் தொடக்கூடாது

வீட்டுக் கம்ப்யூட்டரின் ஹார்ட் டிஸ்கை எவ்வளவு நாளைக்கு ஒருமுறை டிஃப்ராக் செய்ய வேண்டும் என்று என்னைக் கேட்டால், வாரத்துக்கு ஒருமுறை, வெள்ளிக்கிழமை, மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு என்றுதான் சொல்வேன். மாதம் ஒருமுறை போதும் என்பார்கள் விவரம் தெரிந்தவர்கள். அதுவும் வேண்டாம், இந்தக் காலத்துக் கம்ப்யூட்டர் தானே செய்துகொள்ளும் என்பார்கள் இன்னும் விவரம் தெரிந்தவர்கள். அவர்கள் சொல்வதெல்லாம் சரி. என் பதில் மாறாது.

நான் பன்னிரண்டாவது வரை படித்தவள். தமிழ் டைப்ரைட்டிங்கில் லோயர் பாஸ். பூந்தமல்லியில் பிறந்து, ஆவடிக்குப் பக்கத்தில் கோவில்பதாகையில் வாழ்க்கைப்பட்டேன். கணவர் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் சூப்பர்வைசர். எங்கள் தெரு நலச் சங்கத்துக்குச் செயலாளரும் அவர்தான். கம்ப்யூட்டரை மகள் படிக்க வாங்கினோம். அவள் படித்து முடித்து, கல்யாணமாகித் திருமழிசைக்குப் போனாள். கம்ப்யூட்டர் என்னிடம் தங்கிவிட்டது.

எனக்குத் தமிழில் டைப் அடிக்கத் தெரியும் என்று கணவர் சங்கத்தில் பெருமையாகச் சொல்லிவைத்தார். அன்றோடு என் நிம்மதி போயிற்று. தெருவிளக்கு எரியவில்லை, மனு. பாதாளச் சாக்கடைக்குத் தோண்டிய பள்ளத்தை மூடவில்லை, மனு. ஆடி மாதம் கூழ் வார்ப்பதற்கு நோட்டீஸ், காதுகுத்துக்குப் பத்திரிகை, யாராவது இறந்துபோனால் கண்ணீர் அஞ்சலி. "அக்கா, ரெண்டே வரிதான்" என்று ஆரம்பிப்பார்கள். ரெண்டு வரியில் முடிந்த மனுவை நான் இதுவரை பார்த்ததில்லை.

கணவருடைய கம்பெனியில் வார விடுமுறை வெள்ளிக்கிழமை. அதனால் சங்கம் கூடுவதும் வெள்ளிக்கிழமை, எங்கள் வீட்டு ஹாலில். காலையில் வீடு கழுவி, தலைக்குக் குளித்து, பூஜை முடித்து, எல்லாருக்கும் சமைத்துப் போட்டு, நான் தட்டில் கை வைக்கும்போது ஹாலிலிருந்து குரல் வரும்: "இந்தாம்மா, சாப்ட்டு வந்து ஒரு மனு அடிச்சிக் குடுத்துடு." முடியாது என்று சொல்லத் தெரியாதவள் நான். நாலு பேர் உட்கார்ந்திருக்கிற ஹாலைக் கடந்து போவதற்கே புடவைத் தலைப்பை இழுத்துப் பிடித்துக்கொள்வேன். அவர்களிடம் போய் என்னத்தைச் சொல்வது?

எனக்காக முடியாது என்று சொன்னது அந்தக் கம்ப்யூட்டர்தான்.

ஒருசமயம் அது ரொம்ப மந்தமாகிவிட்டது. ஒரு மனுவைத் திறப்பதற்குள் பால் பொங்கி வழிந்துவிடும். ஆவடி மார்க்கெட் பக்கம் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வைத்திருந்த ஒருவர் வந்து பார்த்தார். டிஸ்கில் சேர்ந்தாற்போல் இடம் இல்லாவிட்டால், அது ஒரு ஃபைலைத் துண்டு துண்டாக்கி, கிடைத்த சந்துபொந்தில் எல்லாம் செருகி வைத்துவிடுமாம். நாம் திறக்கச் சொன்னால், ஒவ்வொரு சந்தாகப் போய்ப் பொறுக்கிக்கொண்டு வருமாம். மந்தத்துக்கு அதுதான் காரணம், டிஃப்ராக் செய்தால் எல்லாவற்றையும் ஒன்றுசேர்த்து அடுக்கிவிடும் என்றார். பட்டனை அமுக்கினார். திரையில் சிவப்பும் நீலமுமாகக் கோடுகள் வந்தன. கிளம்பும்போது செருப்பைப் போட்டுக்கொண்டே என் கணவரிடம் சொன்னார்: "சார், இது ஓடும்போது மட்டும் யாரும் கை வைக்காதீங்க. பாதியில நிறுத்தினா உள்ள கீறதெல்லாம் பூடும். வாரத்துக்கு ஒரு தரம் போட்டு வுடுங்க."

அன்று வெள்ளிக்கிழமை. சங்கத்து ஆள் ஒருவர் காதுகுத்துப் பத்திரிகையோடு படியேறி வந்தார். நான் எழுந்திருப்பதற்குள் என் கணவரே வாசலில் நிறுத்தினார். "மிஷினு ஓடிகினு கீதுப்பா. தொடக்கூடாதாம். நாளைக்கு வா."

வந்தவர் திரும்பிப் போய்விட்டார். நான் உள்ளறையில் கம்ப்யூட்டருக்குப் பக்கத்தில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். டிஸ்க் உள்ளே கரகரவென்று எதையோ மென்றுகொண்டிருந்தது. சிவப்புக் கோடு ஒவ்வொன்றாக நீலமாயிற்று. யாரும் என்னைக் கூப்பிடவில்லை. கொஞ்ச நேரம் கழித்துப் பாயை விரித்துப் படுத்தேன். கல்யாணமான நாளிலிருந்து ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் நான் படுத்தது அதுதான் முதல் தடவை.

அதற்குப் பிறகு ஒரு வெள்ளிக்கிழமையைக்கூட நான் விடவில்லை. என் மாமியார் இதற்கு ஒரு நியாயமும் கண்டுபிடித்துவிட்டார். யாராவது வந்து கேட்டால், "வெள்ளிக்கெழம அதுக்கு எண்ண தேச்சிக் குளிக்கற நாளு. நனஞ்ச தலையோட வேல வாங்குவியா நீ?" என்பார். தெருவே இதைப் பிடித்துக்கொண்டது. சனிக்கிழமை காலையில் கேட்டுக்கு வெளியே நின்று, "அக்கா, மிஷினு குளிச்சி முடிச்சிச்சா?" என்று குரல் கொடுப்பார்கள். நானும் உள்ளிருந்தபடியே, "முடிச்சிடுச்சி, வாங்க" என்பேன்.

அந்த மத்தியானங்களில் நான் பெரிதாக ஒன்றும் செய்துவிடவில்லை. வாரப் பத்திரிகை படிப்பேன். பொரிகடலையைத் தாளில் கொட்டி வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகத் தின்பேன். சில நாள் மின்விசிறியைப் பார்த்தபடி படுத்துக் கிடப்பேன். டிஸ்க் மெல்லுகிற சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும். ஒரு பெண் சும்மா இருந்தாள் என்பதைத் தவிர அங்கே வேறு எதுவும் நடக்கவில்லை. அதற்கு ஒரு காரணம் வேண்டியிருந்தது. காரணம் அந்தப் பெட்டிக்குள் இருந்தது.

பிறகு கம்ப்யூட்டரில் புது விண்டோஸ் போட்டார்கள். சிவப்பும் நீலமும் போய்விட்டன. வெறும் சதவீதம் மட்டும் தெரிந்தது. சிதறல் பூஜ்யம் சதவீதம் என்று பல வாரங்களில் நான் பட்டனை அமுக்குவதற்கு முன்பே போட்டிருக்கும். எனக்குப் படிக்கத் தெரியும். பூஜ்யம் என்றால் என்ன என்றும் தெரியும். தெரிந்துதான் அமுக்கினேன். இதை யாரிடமும் மன்னிப்புக் கேட்பதற்காகச் சொல்லவில்லை.

என் கணவரின் தம்பி ஐடி கம்பெனியில் இருக்கிறார். பட்டாபிராமில் புதிதாக ஃபிளாட் வாங்கியிருந்தார். ஒரு வெள்ளிக்கிழமை லீவு போட்டுவிட்டு, கிரகப்பிரவேசப் பத்திரிகை அடிப்பதற்காக வந்தார். நேராக உள்ளறைக்கு வந்து திரையைப் பார்த்தார்.

"இன்னா அண்ணி ஓடிகினு கீது?"

"டிஃப்ராக் தம்பி. வெள்ளிக்கிழமை போடறது."

"வாராவாரமா?"

"அத்தத் தொடாதடா" என்று மாமியார் ஹாலிலிருந்து கத்தினார். "எண்ண தேச்சிகினு கீது."

தம்பி விழுந்து விழுந்து சிரித்தார். என் நாற்காலியில் உட்கார்ந்து எதையோ தட்டிப் பார்த்தார். "அண்ணி, இங்க பாருங்க. ஜீரோன்னு போட்டுகீது. பெருக்கி வெச்ச ஊட்டையே திரும்பத் திரும்பப் பெருக்கினு கீறீங்க. இது வாரத்துக்கு ஒருக்கா அதுவே பண்ணிக்கும். நீங்க அமுக்கவே வேணாம்."

ஹாலிலிருந்து என் கணவர் எழுந்து வந்தார். "இன்னாடா சொல்ற? அப்போ இத்தினி வருசமா?"

"இத்தினி வருசமா அண்ணி மிஷின ஏமாத்தினு கீறாங்க."

"மிஷினயா? என்னியவா?" என்றார் கணவர். அவரும் சிரித்தார். ஆனால் என்னைப் பார்த்துக்கொண்டே சிரித்தார்.

தம்பி ஓடிக்கொண்டிருந்ததை நிறுத்தினார். ஒன்றும் ஆகவில்லை. எந்த ஃபைலும் போகவில்லை. கணவர் ஒரு நிமிடம் திரையையே பார்த்துக்கொண்டு நின்றார். ஏதாவது ஆகும் என்று அவரும் எதிர்பார்த்திருப்பார். அன்றைக்கு நான் கிரகப்பிரவேசப் பத்திரிகை அடித்தேன். அது முடிந்ததும் ஒரு மனு, அதற்குப் பின்னால் இன்னொரு மனு. பாய் சுருட்டியபடியே மூலையில் நின்றது.

பத்திரிகை அடித்துக் கொடுத்ததற்கு நன்றியாக, அந்த ஞாயிற்றுக்கிழமை தம்பி ஒரு பரிசு கொண்டுவந்தார். உள்ளங்கை அளவில் ஒரு தகட்டுப் பெட்டி. "எஸ்எஸ்டி அண்ணி, புது மாதிரி டிஸ்க். இதுக்குள்ள சுத்தற தட்டே கெடையாது. இதுக்கு டிஃப்ராக் போடவே கூடாது. போட்டா சும்மா தேயும், பிரயோஜனம் ஒண்ணும் கெடையாது. உங்களுக்கு ஒரு வேல மிச்சம்." பழைய டிஸ்கைக் கழற்றி, பிளாஸ்டிக் கவரில் போட்டு என் கையில் கொடுத்தார். கம்ப்யூட்டரைப் போட்டால் விரலை எடுப்பதற்குள் திறந்துகொண்டது. எல்லாருக்கும் சந்தோஷம். நல்ல மனசோடுதான் செய்தார், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அவருக்குக் காபி போடப் போன நான், அடுப்புக்கு முன்னால் நின்று வெள்ளிக்கிழமையைப் பற்றியே நினைத்துக்கொண்டிருந்தேன்.

வெள்ளிக்கிழமை வந்தது. சாப்பாட்டுக்குப் பிறகு ஹாலில் சங்கத்து ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். தெருவில் மழைநீர் தேங்குவதைப் பற்றி மனு எழுதிவைத்திருந்தார்கள்.

"இந்தாம்மா, வந்து இத்த அடிச்சிடு" என்றார் கணவர். "இனிமேதான் மிஷினுக்குக் குளியலே கெடையாதே."

எல்லாரும் சிரித்தார்கள். நான் கையைத் துடைத்துக்கொண்டு சமையலறை வாசலில் வந்து நின்றேன். மிஷின் சரியில்லை என்று சொல்லலாம். தலைவலி என்று சொல்லலாம். நாளெல்லாம் இந்த இரண்டையும்தான் யோசித்து வைத்திருந்தேன். ஆனால் தலைவலி என்றால் மாத்திரை கொடுப்பார்கள். அடுத்த வெள்ளிக்கிழமைக்கு வேறு ஒரு நோவு தேட வேண்டியிருக்கும்.

"இன்னிக்கு முடியாது" என்றேன்.

"ஏன், கரண்ட் இல்லியா?"

"கரண்ட் கீது."

"மிஷினு?"

"அதுவும் நல்லாத்தான் கீது."

"அக்காவுக்கு ஒடம்பு சரியில்லபோல" என்றார் எதிர் வீட்டுக்காரர்.

"எனக்கு ஒண்ணும் இல்லண்ணா. வெள்ளிக்கிழம நான் டைப் அடிக்கமாட்டேன். நாளைக்குக் காலைல அடிச்சித் தரேன்."

என் குரல் எனக்கே யாரோ பேசுவதுபோல் இருந்தது. கணவருடைய முகம் சிவந்துவிட்டது. "இன்னா பேசற நீ? ரோட்ல தண்ணி நிக்குது."

"போன மழையிலேர்ந்து நிக்குது. நாளைக்கு வரைக்கும் நிக்காதா?"

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். பார்த்தால் என் மாமியார். "வுடுடா. மிஷினுக்குக் கெடையாதுன்னா அவளுக்குக் குளியல் இருக்கக் கூடாதா? தலை நனஞ்சிகீது, பாரு."

"எனுக்கு அடிக்கத் தெரியாதா? நானே அடிக்கறேன்" என்று கணவர் எழுந்தார். காகிதத்தை எடுத்துக்கொண்டு உள்ளறைக்குப் போய் என் நாற்காலியில் உட்கார்ந்தார். சங்கத்து ஆட்கள் மெதுவாகக் கிளம்பிவிட்டார்கள்.

சமையலறையில் போய் உட்கார எனக்கு இஷ்டமில்லை. அந்த அறையில் என் இடம் ஒன்று இருக்கிறது. உள்ளே போய், அவருடைய நாற்காலிக்குப் பக்கத்தில் வழக்கமான இடத்தில் பாயை விரித்துச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தேன். கரகர சத்தம் இல்லை. புது டிஸ்க் மூச்சுக்கூட விடாது. அதற்குப் பதில் ஒற்றை விரலால் கணவர் தட்டுகிற சத்தம் கேட்டது. ஒரு தட்டு. வெகுநேரம் கழித்து இன்னொரு தட்டு. விண்ணப்பம் என்ற சொல்லை முடிப்பதற்குள் ஆவடியைத் தாண்டி ஒரு ரயில் போய்விட்டது.

"இந்தாம்மா" என்றார். குரலில் கோபம் குறைந்திருந்தது. "மழைக்கு வர்ற ழ எங்க கீது?"

எனக்குத் தெரியும். பார்க்காமலே என் விரல் போகும் இடம் அது. நாளைக்குக் காலையில் சொல்லிக்கொள்ளலாம் என்று கண்ணை மூடிக்கொண்டேன்.