மிஞ்சிய இரண்டு பிளேட்

மாமாவின் காருக்குப் பின்சக்கரம் இரண்டு இருந்தும் வளைவு வந்தால் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகாது. உள்பக்கச் சக்கரம் வெறுமனே சுற்றிப் புழுதி கிளப்பும். வெளிப்பக்கச் சக்கரம் வேடிக்கை பார்க்கும். கோடையில் மம்சாபுரத்துக் கண்மாய் வற்றியதும் தார் டிரம்களை நட்டு, அவற்றைச் சுற்றி ஒவ்வொரு காராக ஓட்டி நேரம் பார்ப்பார்கள். அதில் இரண்டு வருஷம் மாமா தோற்றது இந்தச் சக்கரத்தால்தான். இந்த முறையும் தோற்றால் இனிப் பந்தயமே கிடையாது என்று ராஜபாளையம் முழுக்கச் சொல்லிவைத்திருந்தார்.

எனக்கு அப்போது பத்து வயது. மாமாவுக்குத் தெரியாதது என்று உலகத்தில் ஒன்று இருக்கும் என நான் நினைத்ததேயில்லை.

வழி இரண்டு. இரண்டு பின்சக்கரங்களுக்கும் இழுவையைப் பிரித்துக் கொடுக்கும் டிஃபரன்ஷியலின் பற்சக்கரங்களை வெல்டிங் வைத்து ஒட்டிவிட்டால் இரண்டு சக்கரமும் சேர்ந்தே சுற்றும். கண்மாயில் பறக்கலாம், தெருவில் திருப்ப முடியாது. இல்லையென்றால், கொஞ்சமாக நழுவவிடும் டிஃபரன்ஷியல். ஸ்ரீவில்லிபுத்தூரில் பழைய இரும்புக்கடை பாயிடம், ஏலத்தில் எடுத்த ஜீப்பிலிருந்து கழற்றியது ஒன்று கிடந்தது. உள்ளே தோசை அடுக்கியதுபோல வட்டப் பிளேட்டுகள். அவை எவ்வளவு இறுக்கமாக உரசுமோ அவ்வளவுக்கு இரண்டு சக்கரமும் சேர்ந்து இழுக்கும்; ஸ்டியரிங்கும் அவ்வளவுக்குக் கனக்கும்.

"வெல்டிங்னா அர நாள் சோலி. இத லேத்துல கடஞ்சு மாட்டணும். எதுக்கு இம்புட்டுப் பாடு?" என்றார் பாய்.

"வாரத்துல ஆறு நாளு அவதான பாய் ஓட்டுதா," என்றார் மாமா.

அவள் என்றால் அத்தை. ஸ்ரீவில்லிபுத்தூரில் டீச்சர். நான் படித்ததும் அதே பள்ளிக்கூடம்தான். தினமும் அவள் கார் ஓட்டிப் போவதைப் பார்க்க டீக்கடையில் எழுந்தே நிற்பார்கள். சின்ன வயதில் ஒடிந்து கோணலாகச் சேர்ந்த இடது மணிக்கட்டோடு ஓட்டுகிறாள் என்பது அவர்களுக்குத் தெரியாது.

பாயிடம் வாங்கியதை மாட்டி முடித்ததும் கண்மாயில் ஒரு சுற்றுப் போனோம். கார் டிரம்மை உரசுவதுபோல் ஒட்டித் திரும்பிச் சீறியது. நான் கத்திய கத்தலில் கொக்குகள் பறந்தன. இந்த வருஷம் கோப்பை எங்களுக்குத்தான்.

மறுநாள் சாயங்காலம் அத்தையிடம் மாமா கேட்டார், "எப்பிடி இருக்கு?"

"நல்லாத்தான் இருக்கு. திருப்புறப்ப செத்த முரண்டு பிடிக்கு."

சாப்பாடு போடும்போது குழம்புச் சட்டியை அவள் இடது கையால் தொடவேயில்லை. மாமா அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"புதுசுல்லா. ஓட ஓட எளகிரும்," என்றார்.

பந்தயத்துக்கு முந்தின நாள், அத்தை பஸ்ஸில் ஆண்டாள் கோயிலுக்குப் போயிருந்த நேரம், மாமா எல்லாவற்றையும் மறுபடி பிரித்தார். மண்ணெண்ணெயில் பிளேட்டுகளைக் கழுவி வரிசையாக வைத்தது நான். திரும்பப் பூட்டி, ஆயில் ஊற்றி, கையையும் கழுவிவிட்டார். செய்தித்தாள் மேல் இரண்டு பிளேட் மிஞ்சிக் கிடந்தன.

மாமா மறந்துவிட்டார் என்பதை மாமாவிடமே எப்படிச் சொல்வது? எடுத்துப் பையில் ஒளித்துக்கொண்டேன்.

மறுநாள் பந்தயத்தில், கடைசி டிரம்மில் உள்பக்கச் சக்கரம் ஒரே ஒரு முறை சுழன்று புழுதி கிளப்பியது. அவ்வளவுதான். அரை விநாடி வித்தியாசத்தில் இரண்டாம் இடம். ஜெயித்தவருக்கு மாமாதான் முதல் ஆளாகப் போய்க் கை கொடுத்தார். சொன்ன சொல்லைக் காப்பாற்றி, அத்தோடு பந்தயத்தையும் விட்டார்.

அன்றைக்கு அழுதுகொண்டே பிளேட்டுகளை நீட்டினேன். எனக்கு அடி விழவில்லை. மாமா அவற்றைக் கைலியில் துடைத்து என் கையிலேயே திருப்பித் தந்தார்.

"ஏட்டி, நீயே வச்சுக்கோ. அத்தைட்ட மட்டும் சொல்லிறாத."

பாவம், தன் மறதியை நினைத்து வெட்கப்படுகிறார் என்று எடுத்துக்கொண்டேன்.

திங்கட்கிழமை பள்ளிக்கூடம் போகும்போது தேரடித் திருப்பத்தில் அத்தை ஸ்டியரிங்கைத் திருப்பினாள். கார் மறுபேச்சில்லாமல் வளைந்தது.

"பாத்தியா? மாமா சொன்னாப்லயே எளகிருச்சு," என்றாள் சந்தோஷமாக.

பின்சீட்டில், பிளேட்டுகள் இருந்த பையை இறுக்கிப் பிடித்தபடி, மாமா செய்த தப்பு இந்த அத்தைக்குத் தெரியவே தெரியாது என்று நான் அவளுக்காகப் பரிதாபப்பட்டேன்.