கடைசிப் பாட்டைக் கேட்காதவர்

எர்ணாகுளத்திலிருந்து மட்டாஞ்சேரிக்கு வரும் படகில் அவரை அடிக்கடி பார்ப்பேன். வெளுத்துப்போன கறுப்பு டி-ஷர்ட், நரைத்த நீள முடி. எதைச் சொல்வதற்கு முன்பும் இரண்டு முறை வறட்டுச் செருமல் செருமுவார்.

ஒரு மாலை தன் இயர்போனில் ஒன்றை என்னிடம் நீட்டினார். அவரும் தம்பியும் வீட்டிலேயே பதிவு செய்த சிம்பொனிக் பிளாக் மெட்டல் ஆல்பம்; வாத்திய இசையோடு அலறிப் பாடும் முரட்டு ராக் வகை. அதிகம் பேர் கேட்டதில்லையாம். கடலில் தொலைந்துபோன ஒருவனின் கதை பாட்டுக்குப் பாட்டு நகர்கிறது. வயலின்கள் பொங்கியெழ, நடுவே தம்பி தொண்டை கிழியக் கத்துகிறான். பயமாக இருந்தது, கழற்றவும் மனம் வரவில்லை.

கடைசிப் பாட்டு தொடங்கியதும் அவர் நிறுத்திவிட்டார்.

"இதையும் கேக்கலாமே, சேட்டா."

செருமினார். "இதிலதான் கடல்ல தொலைஞ்சவன் கரையேறி வீட்டுக்கு வருவான். இதைப் பாடறதுக்கு முந்தியே தம்பி இறந்துட்டான். அவனை மாதிரி நான்தான் கத்தினேன். ஆருக்கும் தெரியாது."

"அம்மாவுக்கு?"

"அவன் குரல்னு நினைச்சு அம்மா தெனமும் இதை மட்டும் வைக்கச் சொல்லுவாங்க. வச்சுட்டு நான் வெளிய போயிடுவேன். இதுவரைக்கும் முழுசாக் கேட்டதில்ல."

வீட்டுக்கு வந்து இணையத்தில் தேடி அந்தப் பாட்டைக் கேட்டேன். கத்தலில் எந்த வித்தியாசமும் தெரியவில்லை. எல்லாம் அடங்கி, வயலின்களும் ஓய்ந்த பிறகு, மெதுவாக இரண்டு முறை அந்த வறட்டுச் செருமல் கேட்டது.

படகுப் பழக்கம் மட்டுமே உள்ள எனக்கே தெரிந்துவிட்டது. தினமும் கேட்கும் அந்த அம்மாவுக்கா தெரியாது?