பெரியம்மா கடித்த பென்சில்

எனக்கு இந்த வயதுவரை கிடைத்த முதற்பரிசு ஒன்றே ஒன்றுதான். அதையும் பெரியம்மாவைக் காட்டிக்கொடுத்துத்தான் வாங்கினேன். அப்போது நான் ஆறாம் வகுப்பு.

பெரியம்மா, அம்மாவின் அக்கா. கல்யாணம் செய்யாமல் மானிப்பாயில் எங்களோடுதான் இருந்தார். எங்கள் தேவாலயத்தில் ஞாயிறுதோறும் ஓகன் வாசிப்பவர் அவர்தான். காலால் மிதித்துக் காற்றடித்து வாசிக்கிற பழைய மரப்பெட்டி ஓகன். இடம்பெயர்ந்து திரும்பி வந்தபோது, வீட்டுக்குக் கூரை மிஞ்சியிருக்கிறதா என்று பார்க்கமுன், ஓகனுக்குள் எலி குட்டி போட்டிருக்கிறதா என்று பார்க்கப் போனவர் என்று அம்மா இன்றைக்கும் குறை சொல்லுவார்.

வீட்டில் பெரியம்மாவுக்குப் பிடிவாதக்காரி என்று பெயர். கூப்பிட்டால் திரும்பமாட்டார். முன்னால் போய்க் கதைத்தால் எங்கள் வாயையே பார்த்துக்கொண்டு நிற்பார். "வாய்க்குள்ளை புறுபுறுக்காமல் வடிவாக் கதையுங்கோவன்" என்று பழி எங்கள்மேல் விழும். யுத்த நேரம் ஷெல் குண்டு ஒன்று அவருக்குக் கிட்ட விழுந்து வெடித்த கதை எல்லோருக்கும் தெரியும். அதையும் இதையும் சேர்த்துப் பார்க்க ஒருவருக்கும் நேரம் இருக்கவில்லை.

பாட்டுப் புத்தகத்தின் தாள் புரட்டுவது என் வேலை. ஓகன் மூலையில் சுவரைப் பார்த்தபடி இருந்ததால் சபையாருக்குப் பெரியம்மாவின் முதுகு மட்டுந்தான் தெரியும். எனக்கு முகம் தெரியும். ஒரு கட்டைப் பென்சிலைப் பல்லில் கடித்து, குனிந்து, அதன் மறுமுனையை ஓகன் பலகையில் முட்டுக்கொடுத்தபடிதான் வாசிப்பார். ஏன் என்று கேட்டேன்.

"பக்கம் குறிக்கிற பென்சில் பிள்ளை. கீழை விழுந்தால் ஆர் தேடுறது?"

நம்பிவிட்டேன். அவர் ஒரு பக்கத்தையும் குறித்து நான் கண்டதில்லை.

அந்த வருடம் விஞ்ஞான பாடத்தில் ஒலி வந்தது. ஆசிரியை எங்களைப் பென்சிலைக் கடித்துக்கொண்டு இரண்டு காதையும் விரலால் அடைக்கச் சொன்னார். பிறகு இசைக்கவை என்கிற இரும்புக் கவையைத் தட்டி, அதிர அதிரப் பென்சிலின் நுனியில் வைத்தார். தலைக்குள்ளேயே மணி அடித்தது. ஒலி என்பது அதிர்வு, அது காற்றில் மட்டுமல்ல, மரத்திலும் எலும்பிலும் ஓடும், செவிப்பறை பழுதானாலும் உட்காது நன்றாயிருந்தால் பல்வழியே போய்ச் சேர்ந்துவிடும் என்றார். எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. பெரியம்மா பிடிவாதக்காரி இல்லை, விஞ்ஞானி!

பாடசாலைக் கண்காட்சியில் அதையே செய்துகாட்டினேன். பார்க்க வந்த எங்கள் போதகரும் பென்சிலைக் கடித்தார். கண்ணை அகல விரித்தார்.

"இதை உமக்கு ஆர் பிள்ளை சொல்லித் தந்தது?"

ஆசிரியை என்று சொல்லியிருக்கலாம். பெருமை விடவில்லை. "எங்கடை பெரியம்மா ஐயா. அவ இப்பிடிப் பென்சிலைக் கடிச்சுக்கொண்டுதான் ஓகன் வாசிக்கிறவ. இல்லாட்டில் அவவுக்கு ஒண்டும் கேக்காது."

பெரியம்மா என் முதுகுக்குப் பின்னால்தான் நின்றார். என் வாய் அவருக்குத் தெரியவில்லை. முகம் மலர்ந்து, "வடிவாச் சொன்னவளோ, ஐயா?" என்று கேட்டார். போதகர் பென்சிலை மேசையில் வைத்துவிட்டு, "ஓம், வடிவாச் சொன்னவ" என்றார். முதற்பரிசாகச் சட்டம் போட்ட சான்றிதழ் எனக்குத்தான் கிடைத்தது. இப்போது நினைத்தாலும் வெட்கத்தில் என் காது சுடுகிறது.

அடுத்த கிழமை போதகர் எங்கள் வீட்டுக்கு வந்தார். நல்ல மனிதர். தேத்தண்ணியைக் கையில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு சொல்லாக, வாயை அகலத் திறந்து கதைத்தார். வெளிநாட்டிலிருந்து சபைக்குக் கீபோர்ட் ஒன்று வந்திருக்கிறதாம். வாசிக்க ஒரு தம்பியும் இருக்கிறானாம். "உங்களுக்கும் ஓய்வு வேணுமல்லோ அக்கா." பெரியம்மா அவருடைய வாயைப் பார்த்து முடித்துவிட்டு என்னைப் பார்த்தார். ஏசவில்லை. "பரிசைச் சுவரிலை கொழுவி விடு பிள்ளை, மேசையிலை கிடந்தால் தூசு பிடிக்கும்" என்று மட்டும் சொன்னார்.

அந்த ஞாயிறு முதன்முறையாக என் பக்கத்தில், சபையார் இருக்கிற நீள வாங்கில் வந்து இருந்தார். எனக்குச் சந்தோஷம். பாட்டுத் தொடங்கியதும் கைப்பையைத் திறந்து அதே பென்சிலை எடுத்துக் கடித்தார். முன்வாங்கின் பலகையில் மறுமுனையை வைத்து, குனிந்து, கண்ணை மூடிக்கொண்டார். பார்த்தவர்கள் ஜெபம் செய்கிறார் என்று நினைத்திருப்பார்கள். நான் அவர் கையைச் சுரண்டி, கேட்கிறதா என்று சைகையில் கேட்டேன். பெரியம்மா என்னைப் பார்த்துச் சிரித்து, ஓம் என்று தலையாட்டினார்.

கீபோர்ட்டின் சத்தம் கூரைக்குக் கிட்டக் கட்டியிருந்த ஒலிபெருக்கிப் பெட்டிகளிலிருந்து காற்றில் வந்துகொண்டிருந்தது. எங்கள் வாங்குக்கும் அந்தப் பெட்டிகளுக்கும் இடையில் ஒரு துண்டு மரம்கூட இல்லை. ஒலியில் முதற்பரிசு வாங்கியவளுக்கு அது தோன்றவேயில்லை. பெரியம்மாவுக்குக் கேட்கிறது என்ற நிம்மதியில், நான் தொண்டையைத் திறந்து பாடினேன்.