ஜீவராணியின் பதின்மூன்று

டயகம பக்கத்துத் தேயிலைத் தோட்ட லயமொன்றில் பிறந்த சுலக்ஷனா, கண்டியில் லேப் படிப்பு முடித்து வந்து, டவுனில் பக்கீரின் பலசரக்குக் கடையை ஒட்டிச் சின்னதாக ஒரு லேப் போட்டாள். கொழுந்தெடுக்கும் பெண்களுக்கு ரத்தம் குறைவது அந்தப் பக்கத்தில் சளி, தடிமன் மாதிரி. அதை யாரும் ஒரு வியாதியாகவே மதிப்பதில்லை. சோதித்துப் பார்க்கலாம் என்றாலோ ஊசிக்குப் பயம். எல்லாரையும்விட அதிகம் பயந்தவள் சுலக்ஷனாவின் அம்மா ஜீவராணிதான். அட்டை கடித்து ரத்தம் வழிய வழிய மலையில் நிற்பாள். ஊசியைக் கண்டால் மட்டும் எழுந்து ஓடிவிடுவாள். மேடேறினால் மூச்சு வாங்கியது, கண்கள் வெளுத்துக் கிடந்தன. ஊருக்கெல்லாம் லேப் வைத்தவளால் பெற்றவளிடம் ஒரு சொட்டு ரத்தம் வாங்க முடியவில்லை!

அப்போதுதான் சிறு வியாபாரங்களுக்கு டிஜிட்டல் உதவி செய்கிறோம் என்று கொழும்புக் கம்பெனி ஒன்று தனுஷன் என்ற இளைஞனை அனுப்பியது. ஊசியே வேண்டாம், விரலை மெஷினுக்குள் வைத்தால் போதும், ரத்த அளவு போனில் வந்து விழும் என்றான். சுலக்ஷனாவுக்குத் தலைகால் புரியவில்லை. அம்மா தப்பித்தாள் என்று நினைத்தாள்.

கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் தொடக்க விழா. மெஷின் தனுஷனின் விரலைப் படித்தது. தோட்டத்து கிளாக்கரின் விரலைப் படித்தது. வேடிக்கை பார்க்க வந்த பக்கீரின் விரலையும் மறுக்கவில்லை. பெண்கள் முறை வந்ததும், "விரலைச் சரியாக வைக்கவும்" என்று மூன்று மொழியிலும் கண்டித்தது. தேயிலைச் சாயம் ஊறிக் கறுத்து, காய்த்துப்போன விரல்கள் அவை. முதல்நாளே தேசிக்காய்ச் சாறும் உப்பும் போட்டுத் தேய்த்துக் கழுவிக்கொண்டுதான் வந்திருந்தார்கள், பாவம். மெஷினை யாருக்காகச் செய்தார்களோ அவர்கள் விரல்தான் அதற்கு ஆகவில்லை. கொழும்பில் உட்கார்ந்து கொழுந்தெடுக்கும் கையை யார் பார்த்தார்கள்?

தனுஷன் அசரவில்லை. "மேடம், போஸ்டருக்கு ஒரு ஃபோட்டோ மட்டும் எடுப்போம். நம்பரைப் பிறகு போடலாம். அது சும்மா சாம்பிள்தானே?"

சுலக்ஷனா யோசித்தாள். மெஷின் வேலை செய்யவில்லை என்று கம்பெனிக்கு எழுதினால் உதவி அன்றோடு நின்றுபோகும். தலையாட்டிவிட்டாள். ஃபோட்டோவுக்கு ஜீவராணி சிரித்துக்கொண்டு விரல் நீட்டினாள். போஸ்டர் வந்தபோது அந்தச் சிரிப்புக்குக் கீழே பெரிய எழுத்தில் பதின்மூன்று என்று இருந்தது. நல்ல ஆரோக்கியமான கணக்கு.

அடுத்த மாதம் ஜீவராணி மலையில் தலைசுற்றி விழுந்தாள். சுலக்ஷனா ஊசியோடு லயத்துக்கு ஓடினாள்.

"எனக்கு என்னாடி? பதிமூணு இருக்குன்னு டவுன்ல ஒட்டி வச்சிருக்காங்க. எல்லாரும் பாத்தாங்களே!"

"அம்மா, கைய குடுங்க."

"உன் மெஷின நீயே நம்பலேன்னா வேற எவ நம்புவா?"

வாசலில் நின்ற பக்கத்து வீட்டு வீரம்மாவும் மற்றப் பெண்களும் ஆமாம் என்றார்கள். ஜீவராணிக்கே பதின்மூன்று என்றால் தங்களுக்கென்ன குறை என்று அவர்களில் பாதிப்பேர் டிஸ்பென்சரியில் கொடுத்த இரும்புச்சத்து மாத்திரையை நிறுத்தியிருந்தார்கள்.

"அது பொய்ம்மா. அந்த மெஷின் உங்க யாரு வெரலையும் படிக்கல. அவங்களா போட்ட நம்பரு. நானும் சரின்னுட்டேன்."

ஜீவராணி மகளைப் பார்த்தாள். கோபப்படுவாள் என்று எல்லாரும் காத்திருந்தார்கள். அவள் தன் கறுத்த விரல்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"நம்பர் பொய்யின்னா என் கைய மட்டும் எதுக்குடி உண்மையா படம் எடுத்தீங்க?"

ஜீவராணி கண்ணை இறுக மூடிக்கொண்டு விரலை நீட்டினாள். "குத்தித் தொல."

ஏழுகூட இல்லை.

ரத்தம் ஏற்ற நுவரெலியா ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும்படி டிஸ்பென்சரியில் சொன்னார்கள். பக்கீரின் த்ரீவீல் ஆட்டோவில் டவுனைத் தாண்டும்போது பஸ் நிலையம், பார்மசி, வங்கிச் சுவர் என்று எங்கும் அதே போஸ்டர். சுலக்ஷனா தலையைக் குனிந்துகொண்டாள். மகளின் தோளில் சாய்ந்திருந்த ஜீவராணி மூச்சு வாங்க வாங்க ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வந்தாள்.

"அங்க எல்லாம் நல்லாத்தான்டி இருக்கேன்" என்றாள்.